பால்சுறா இருக்கட்டும், முதலில் ஒரு செம்பு தண்ணீர்

பிரசவமாகி இருபது நாளாகிறது. பால் ஊறும் என்று மாமியார் தினமும் பால்சுறா புட்டு செய்து தருகிறார். சாப்பிடலாமா? – கடலூர் முதுநகர்

அவருடைய அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். பூண்டும் சின்ன வெங்காயமும் தாராளமாகப் போட்டு உதிர்த்த புட்டுக்கு ஈடு ஏது! புரதமும் உண்டு. ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்வது. அவற்றிலுள்ள பாதரசம் அதன் சதையில் சேரும். அதில் கொஞ்சம் தாய்ப்பால் வழியே குழந்தைக்கும் போகும். எனவே பாலூட்டும் காலத்தில் சுறா வேண்டாம். இதுவரை சாப்பிட்டதற்காகப் பதறவும் வேண்டாம். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். நெத்திலி, மத்தி, காரப்பொடி வாங்கச் சொல்லுங்கள். நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் கிடைக்கும். அதே பூண்டு, அதே வெங்காயம், மீன் மட்டும் வேறு என்றால் மாமியாரும் கோபிக்க மாட்டார்.

இன்னொன்று: பால் ஊறுவது மீனால் அல்ல, குழந்தை சப்புவதால். அடிக்கடி சப்பி மார்பு காலியானால்தான் மேலும் சுரக்கும். உங்கள் குழந்தை நாளுக்கு ஆறு தடவைக்குமேல் சிறுநீர் போய், எடையும் ஏறினால், பால் போதவில்லையோ என்ற கவலையே வேண்டாம்.

தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று அரை டம்ளர்தான் தருகிறார்கள். – முத்தியால்பேட்டை

பத்தியத்தில் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டாத விஷயம் இதுதான். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். உங்களுக்குக் குறைத்தால் மலச்சிக்கலும் தலைவலியும்தான் மிச்சம். பால் கொடுக்க உட்காரும்போதே பக்கத்தில் ஒரு செம்பு இருக்கட்டும்; தாகத்துக்குக் குடியுங்கள். பால் பெருகும் என்று குடம் குடமாகக் குடிக்கவும் தேவையில்லை.

பலாப்பழம் தின்றால் குழந்தைக்கு மாந்தம் வருமா? – பண்ருட்டி

வராது. பண்ருட்டியில் இருந்துகொண்டு சீசனில் பலாவை எப்படி விடுவது? மூன்று நான்கு சுளை சாப்பிடுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் மட்டும் அளவைக் குறையுங்கள்.

பிரசவத்தோடு இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடலாமா? – நெல்லிக்குப்பம்

கூடாது. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தினமும் போட வேண்டும். கால்சியம் மாத்திரையும் அப்படியே. இரண்டையும் ஒன்றாக விழுங்காதீர்கள், இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். இரும்பு மாத்திரையைக் காபியோடு போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது, எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள். காபியும் நாளுக்கு இரண்டு டம்ளர் போதும்.

மனைவிக்கு எவ்வளவு கூடுதலாகச் சாப்பாடு வேண்டும்? இரவெல்லாம் விழித்து, நானும் பரோட்டாவில்தான் ஓட்டுகிறேன். – லாஸ்பேட்டை

கணவர் கேட்ட ஒரே கடிதம் இது! முதல் ஆறு மாதம் நாளுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். மூன்று இட்லி சாம்பாரோடு, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுத்து முடித்ததும் பசி கபகபவென்று எடுக்கும். அதற்காகப் படுக்குமுன் பிளாஸ்க்கில் கேழ்வரகுக் கஞ்சியும், ஒரு டப்பாவில் பொட்டுக்கடலை உருண்டையும் எடுத்து வையுங்கள். இருவருக்கும் சேர்த்தே வையுங்கள், பரோட்டா கடைப்பக்கம் போகிற வேலை தானே குறையும்.