டிரம்மில் ஊறிய களையும் சுருண்ட கத்திரிக் கொழுந்தும்

கேள்வி: பள்ளத்தூர் பக்கம் 20 சென்ட்டில் கத்திரி போட்டிருக்கிறேன். வெளிநாட்டில் 'நெட்டில்' என்ற அரிக்கும் செடியை ஊறவைத்து உரமாக ஊற்றுவதை வீடியோவில் பார்த்துவிட்டு, நம்ம ஊர் செந்தட்டியோடு சாரணை, நாயுருவி, குப்பைமேனி எல்லாம் சேர்த்து 200 லிட்டர் டிரம்மில் 25 நாள் ஊறவைத்தேன். எங்கள் வேலியில் கிடைத்தது பத்தாமல் பக்கத்து நெல் வயல் வரப்பிலும் அறுத்தேன். அங்கே பாதி ஏற்கெனவே வாடி முறுக்கிக்கொண்டு கிடந்ததால் அறுப்பது சுலபமாக இருந்தது. ஒன்றுக்கு மூன்று தண்ணீர் சேர்த்து வேரில் ஊற்றி, மிச்சத்தை வடிகட்டி இலையிலும் அடித்தேன். ஐந்தாறு நாளில் கீழ் இலைகள் ஓரம் கருகிவிட்டன, கொழுந்து சுருண்டுவிட்டது. மருந்துக்கடைக்காரர் போட்டோவைப் பார்த்து வைரஸ் என்று சொல்லி ஒரு ஆர்கானிக் டானிக் கொடுத்தார். கரைசலில் எவ்வளவு தண்ணீர் சேர்த்திருக்க வேண்டும்? டானிக்கை அடிக்கலாமா?

பதில்: தம்பி, விகிதம் தப்புதான். வேருக்கு ஒன்றுக்குப் பத்து, இலைக்கு ஒன்றுக்கு இருபது, அதுவும் மண் ஈரமாக இருக்கும்போது சாயங்காலம். கீழ் இலை ஓரம் கருகியது அதனால்தான், கருகிய இடம் திரும்பப் பச்சையாகாது, ஆனால் அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கொழுந்து சுருண்டதற்கும் விகிதத்துக்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, வரப்பில் பாதிக் களை வாடி முறுக்கிக்கொண்டு கிடந்தது என்று, எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. இந்த ஐப்பசி கார்த்திகையில், மழை பெய்துகொண்டிருக்கும்போது, சாரணையும் நாயுருவியும் எதற்குத் தானாக வாடும்? பக்கத்து வயல்காரர் களைக்கொல்லி அடித்திருக்கிறார். நெல்லில் அகன்ற இலைக் களைக்கும் கோரைக்கும் அடிக்கிற 2,4-டி ஆகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அது பட்ட களைதான் காய்வதற்கு முன்னால் அப்படி முறுக்கும். நெல்லை அது ஒன்றும் செய்யாது. கத்திரி, தக்காளி, பருத்தி மூன்றுக்கும் அதன் வாடையே ஆகாது. அதை அறுத்து ஊறவைத்து வடிகட்டி நீங்களே கத்திரிக்கு அடித்திருக்கிறீர்கள்.

உறுதி செய்துகொள்ள இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்புகள் கிளை பிரியாமல் ஒன்றோடொன்று நெருங்கி நீளவாக்கில் ஓடினால், நுனி இழுத்துவிட்டது போல நீண்டிருந்தால், காம்பு திருகியிருந்தால் களைக்கொல்லிதான். கத்திரியில் வருகிற சிற்றிலை நோய் வேறு. அதில் இலை பொடிப்பொடியாகக் கொத்தாகக் கிளம்பும், தத்துப்பூச்சி பரப்புவதால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் வரும். கரைசல் பட்ட செடி எல்லாம் ஒரே வாரத்தில் சுருண்டால் அதற்கு வைரஸ் என்று பெயர் வைப்பவர் செடியைப் பார்க்கவில்லை, கல்லாவைப் பார்க்கிறார்.

டானிக் வேண்டாம். களைக்கொல்லி பட்ட செடியைத் தேற்றுகிற மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. எல்லாக் கடைக்காரரையும் சொல்லவில்லை, ஆனால் இந்தப் பழுப்புத் தண்ணீர்ப் பாட்டில் வியாபாரம் எனக்கு அறவே பிடிக்காது. இந்த மாதிரி பயிர் ஊக்கிகளையும் 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு, யார் தயாரித்தது என்று பாட்டிலில் அச்சடித்திருக்க வேண்டும். லேபிளில் மாட்டுப் படமும் பச்சை இலையும் மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேளுங்கள். பில் கொடுக்க மாட்டேன் என்றால் உங்களுக்கே புரிந்துவிடும்.

டிரம்மில் மிச்சம் இருப்பதை இப்போதைக்கு எதற்கும் ஊற்றாதீர்கள். நாலு தொட்டியில் உங்கள் மண்ணைப் போட்டு உளுந்தோ தட்டைப்பயறோ விதையுங்கள். இரண்டு இலை விட்டதும் இரண்டு தொட்டிக்கு ஒன்றுக்குப் பத்து கலந்த கரைசல், இரண்டுக்கு வெறும் தண்ணீர். பத்து நாளில் கரைசல் ஊற்றியது மட்டும் முறுக்கினால் சந்தேகமே வேண்டாம். அப்படி முறுக்கினால் டிரம்மில் இருப்பதை மேட்டுத் தரிசில் பரப்பி ஊற்றிவிடுங்கள், கிணறு, கண்மாய், ஊருணி பக்கம் கொண்டுபோகக் கூடாது. 2,4-டி ஈர மண்ணில் சில வாரங்களில் சிதைந்துவிடும், காற்றுப் புகாத டிரம்முக்குள் அவ்வளவு சீக்கிரம் சிதையாது. செடியில் இருக்கிற பிஞ்சையெல்லாம் பறித்துப் போட்டுவிட்டு, தண்ணீர் மட்டும் சீராக விடுங்கள். லேசாகப் பட்டது புதுக் கிளை விட்டுப் பிழைத்துக்கொள்ளும். நுனி தடித்து வெடித்ததைப் பிடுங்கிவிடலாம்.

அப்புறம், அந்த நெட்டில் கதை. அது குளிர்நாட்டுச் செடி. நம்ம செந்தட்டி அரிப்பதில்தான் அதற்கு உறவு, குடும்பம் ஆமணக்குக் குடும்பம். பிரான்சில் 2011-ல் அந்த நெட்டில் கரைசலுக்கு அரசே அனுமதி கொடுத்து, பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ பச்சை இலை என்று செய்முறையும் வெளியிட்டார்கள். சரி, அதில் சத்து எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிலோ பச்சை இலை காய்ந்தால் 200 கிராம். அதில் தழைச்சத்து நூற்றுக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. ஆக ஆறிலிருந்து எட்டு கிராம். அத்தனையும் தண்ணீரில் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், பத்து லிட்டர் கரைசல் என்பது பதினைந்து கிராம் சொச்சம் யூரியா. அதை இன்னும் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுகிறோம். சாம்பல்சத்து கொஞ்சம் இருக்கும், மணிச்சத்து பேருக்குத்தான். வெளிறிய செடியைப் பத்துப் பதினைந்து நாள் பச்சையாகக் காட்டும், அவ்வளவுதான். செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை, அதை நம்பிப் பயிர் வைக்காதீர்கள் என்கிறேன்.

உங்கள் நிலம் செம்மண்ணும் சரளையும். மேலே எவ்வளவு ஊற்றினாலும் அடுத்த மழையில் கீழே இறங்கிப் போகிற மண். மணிச்சத்தைப் போட்டால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு செடிக்குக் கொடுக்காத மண். இதற்கு வேண்டியது சாறு இல்லை, தழை. கரைசலை வடிகட்டிவிட்டுச் சக்கையை வேலியோரம் வீசியிருப்பீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், எனக்கு வயிறு எரியும். கொழிஞ்சி என்கிற பசுந்தாள் உரச் செடியை ஏன் மறந்தோம் என்று எனக்குப் புரியவே இல்லை. மாசி பங்குனியில் ஒரு கோடை மழை விழுந்ததும் விதைத்துவிட்டால் போதும், சரளையிலும் வரும், வெயிலைத் தாங்கும், மாடு அதிகம் வாய் வைக்காது, காய் வெடித்து அடுத்த வருஷம் தானே முளைக்கும். பூவெடுக்கும் சமயம் மடக்கி உழுதுவிடுங்கள். வேலிக்குக் கிளைரிசிடியா மரத்தின் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டுவிட்டால் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கழித்துப் போடத் தழை கிடைக்கும். அறுவடை முடிந்த புன்செய்யில் ஆடு மேய்க்கிற கீதாரியைக் கூப்பிட்டு ஆட்டுக்கிடை போடச் சொல்லுங்கள், ராத்திரி மந்தை வயலிலேயே அடைந்து புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் விழும். முன்னெல்லாம் நம்ம பக்கம் கிடைக்கு முறை போட்டுக்கொண்டு நிற்பார்கள். இப்போது அதற்குக் கொடுக்க யோசிக்கிறவர்கள் டானிக் பாட்டிலுக்கு மட்டும் யோசிப்பதில்லை.

அதற்குப் பிறகும் கரைசல் போட ஆசை இருந்தால், உங்கள் வேலிக்குள் உங்கள் கண் பார்க்க முளைத்த களையை மட்டும் போடுங்கள். பூ வைப்பதற்கு முன்னால் அறுக்க வேண்டும், பார்த்தீனியத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், கையுறையும் வேண்டும். கோரைக்கிழங்கைக் கிழங்கோடு போடாதீர்கள். நம்ம வெயிலுக்கு 25 நாள் ரொம்ப அதிகம், நுரை அடங்கினால் எடுத்துவிடலாம், ஏழிலிருந்து பத்து நாள். வாயை வலைத்துணியால் கட்டுங்கள், மழைக்காலத்தில் திறந்த டிரம் கொசு வளர்க்கிற தொட்டி. கீரைப் பாத்திக்கு இலையில் அடிக்கவே வேண்டாம்.

பக்கத்து வயல்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் வரப்பில் அவர் அடித்தார், அறுத்தது நீங்கள். என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தார் என்று மட்டும் கேட்டு, தொட்டி உளுந்து எப்படி வந்தது என்பதோடு எழுதுங்கள். சுருண்ட கொழுந்தின் அடிப்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.