கல்லட்டியில் இறங்க கார்பனா, அலுமினியமா?

'ஊட்டிக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன், ரோடு பைக் வாங்கணும். கார்பன் ஃபிரேமா அலுமினியமா, எது சொகுசு?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபிரேம் எதனால் செய்தது என்பதைக் கடைசியில் பாருங்கள். குலுக்கலை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் டயர்தான். 32 மி.மீ. டயர் போட்டு காற்றைக் கொஞ்சம் குறைத்தால் வரும் சொகுசு, 23 மி.மீ. டயர் மாட்டிய கார்பன் ஃபிரேமில் வராது. அகல டயர் நுழையுமா என்று மட்டும் கேட்டுவிட்டு, ஃபிரேமின் அளவுகளும் கோணங்களும் போட்டிருக்கும் ஜியோமெட்ரி சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

அதில் முதலில் ஹெட் டியூப் கோணம், அதாவது ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் முன்குழாய் தரையோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. ரேஸ் சைக்கிள்களில் சுமார் 73 டிகிரி. ஃபோர்க் ஆஃப்செட் (ஹேண்டில் திரும்பும் அச்சிலிருந்து முன்சக்கர மையம் முன்னால் தள்ளியிருக்கும் தூரம்) அதே 45 மி.மீ. இருக்க, கோணம் மட்டும் 71 ஆகச் சாய்ந்தால் டிரெயில் 57 மி.மீ.யிலிருந்து கிட்டத்தட்ட 70க்கு ஏறிவிடும். ஹேண்டில் திரும்பும் அச்சை அப்படியே தரைவரை நீட்டினால் அது தொடும் இடத்துக்கும், டயர் தரையில் பதியும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் டிரெயில். அது கூடக்கூட, வேகத்தில் வண்டி தானாகவே நேர்ப்பாதையில் நிற்கும். மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போன நேரத்தில், தும்மினால் திரும்பும் ஹேண்டில் யாருக்கு வேண்டும்?

ஏறும்போது இதே டிரெயில் படுத்தும். நடை வேகத்தில் மிதித்தால் முன்சக்கரம் இடமும் வலமுமாக அலையும். போதாததற்கு, 10 சதவீத ஏற்றத்தில் சைக்கிளே ஏறக்குறைய 6 டிகிரி பின்னால் சாய்கிறது. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் டியூப் 73 டிகிரியிலிருந்து 67 ஆன மாதிரி. எடையெல்லாம் பின்சக்கரத்துக்குப் போய்விடும். செயின்ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின்சக்கர மையம் வரை போகும் குழாய்) 410 மி.மீ. போலக் குட்டையாக இருந்தால் முன்பக்கம் இன்னும் லேசாகும். 430 பக்கம் இருந்தால் நல்லது. சீட்டில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தும் சமாளிக்கலாம். ஏற்றத்தில் அலைந்தால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் அலைந்தால் எலும்பு. அதனால் என் ஓட்டு ஹெட் டியூப் 71–72 டிகிரி இருக்கும் எண்டியூரன்ஸ் (நெடுந்தூரம் நிதானமாக ஓட்டும்) வகைக்கே. பந்தயத்துக்குப் போகிறவர் என்றால் வேறு பேச்சு.

உயரம் குறைவானவரா? சின்ன சைஸ் ஃபிரேமில் பெடலுக்கும் முன்சக்கரத்துக்கும் இடைவெளி சுருங்கிவிடும். வளைவில் மெதுவாக ஏறும்போது ஷூ நுனி டயரில் உரசும். கடையிலேயே ஏறி உட்கார்ந்து, பெடலைக் கிடைமட்டமாக நிறுத்தி, ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஷூ போட்டுக்கொண்டு போங்கள், செருப்போடு பார்த்தால் தெரியாது.