சென்னை–தூத்துக்குடி விமானம்: 40 நிமிடமா, ஒன்றரை மணி நேரமா?

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு 40 நிமிடத்தில் பறந்துவிடலாமே, டிக்கெட்டில் ஏன் ஒன்றரை மணி நேரம், வழியில் எங்காவது நிற்குமா என்று கேட்டிருந்தீர்கள். விமானம் வழியில் எங்கும் நிற்காது. சென்னை–தூத்துக்குடி நேர்கோட்டில் சுமார் 530 கி.மீ.; டிக்கெட்டில் இருக்கும் ஒன்றரை மணி நேரம் சரிதான்.

நீங்கள் போட்ட 40 நிமிடக் கணக்கு மணிக்கு 800 கி.மீ. போகும் ஜெட்டுக்கு. இந்தத் தடத்தில் பெரும்பாலும் பறப்பது ஏடிஆர் 72 என்ற விசிறி வைத்த சிறிய விமானம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆறு இதழ் விசிறி சுற்றுவதே தெரியும். வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். தவிர, டிக்கெட் நேரம் என்பது சக்கரம் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரை. சென்னை ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பதும் அதில் சேர்த்தி.

முன்பதிவுப் பக்கத்தில் விமான வகையைப் பாருங்கள். ஏடிஆர் என்றிருந்தால் காரணம் இதுதான்.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. ஜெட் விட்டால் நேரம் குறையும். அப்புறம், அங்கிருந்து ஊருக்குள் போக அரை மணி நேரம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.