ஒபிக்வேலு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏதென்ஸ் ஒலிம்பிக் 100 மீட்டர் பற்றிய உங்கள் கட்டுரையில், வெள்ளி வென்ற பிரான்சிஸ் ஒபிக்வேலுவை மனதாரப் பாராட்டியிருந்தீர்கள். அவர் நைஜீரியாவில் பிறந்து போர்ச்சுகல் சட்டையில் ஓடியவர். வசதி தேடி நாடு மாறுகிறவர்களைக் கொண்டாடுவது சரிதானா? காசுக்கு ஓடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பதக்கக் கணக்குக்காகப் பணம் கொடுத்து வீரர்களை அழைத்துக்கொள்ளும் நாடுகள் உண்டு. அந்த வியாபாரம் எனக்கும் பிடிக்காது. ஆனால் ஒபிக்வேலுவை அந்த வரிசையில் நிறுத்தினால் எனக்கு மனசு ஆறாது.

1994இல் உலக ஜூனியர் போட்டிக்காக நைஜீரிய அணியோடு லிஸ்பனுக்கு வந்தார். 16 வயதுகூட நிரம்பவில்லை. 400 மீட்டரில் அரையிறுதியோடு சரி. போட்டி முடிந்தது, பையன் ஊர் திரும்பவில்லை. பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங் என்ற இரண்டு பெரிய கிளப்புகளும் சேர்த்துக்கொள்ளவில்லை. பிழைப்புக்குத் தெற்கே அல்கார்வே பக்கம் போய்க் கட்டட வேலை பார்த்தார். போர்ச்சுகீஸ் கற்கச் சேர்ந்த பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவர்தான் பெலெனென்சஸ் கிளப்பிடம் இவருக்காகப் பேசினார். நீங்கள் சொல்லும் வசதி இவ்வளவுதான்.

அப்புறம், போர்ச்சுகலில் குடியிருந்துகொண்டே 2000 வரை அவர் ஓடியது நைஜீரியாவுக்காக. 1996 உலக ஜூனியரில் 100, 200 இரண்டிலும் தங்கம். 1999 உலகப் போட்டியில் 200 மீட்டர் வெண்கலம். சிட்னி ஒலிம்பிக்கில் முழங்கால் போனது. நைஜீரியத் தடகளச் சங்கம் கண்டுகொள்ளவில்லை என்பதும், கனடாவில் கைக்காசு போட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டதும் அவரே சொன்னவை. போர்ச்சுகல் குடியுரிமை 2001இல்தான் வந்தது. அடிபட்ட காலோடு அவர் இன்னும் எத்தனை நாள் காத்திருந்திருக்க வேண்டும் என்கிறீர்கள்?

ஏதென்ஸ் ஓட்டத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். 1.95 மீட்டர் உயரம். அந்த நீள உடம்பு நிமிர்ந்து வேகம் பிடிப்பதற்குள் மற்றவர்கள் முன்னே போய்விடுகிறார்கள். பாதி தூரம் தாண்டிய பிறகுதான் இவருடைய ஓட்டமே தொடங்குகிறது. எட்டு எட்டாக வைத்து ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது இன்றைக்கும் நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறேன். காட்லின் 9.85, ஒபிக்வேலு 9.86, மாரிஸ் கிரீன் 9.87. கார்லோஸ் லோபெஸ், ரோசா மோட்டா என்று மாரத்தான்காரர்களால் பெயர் வாங்கிய நாட்டுக்குக் குறுவிரைவோட்டத்தில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

அந்த 9.86 ஐரோப்பியச் சாதனையும்கூட. 2021 வரை யாரும் அதை முறியடிக்கவில்லை. அதற்கு முன் சாதனையை வைத்திருந்த லின்ஃபோர்டு கிறிஸ்டி, ஜமைக்காவில் பிறந்து ஏழு வயதில் லண்டன் வந்தவர். அவரை யாரும் இப்போது பிரிட்டன்காரர் இல்லை என்று சொல்வதில்லை.

2011இல், 32 வயதில், பாரிஸில் நடந்த ஐரோப்பிய உள்ளரங்குப் போட்டியில் 60 மீட்டர் ஓடினார். 6.53 விநாடி. ஏதென்ஸில் தங்கத்தை விட்ட அதே நூறில் ஒரு விநாடி, இந்த முறை அவர் பக்கம் இருந்தது.

அன்புடன்.