வாசகர் கேள்வி: விறகு பிளக்கும் காலம்

கேள்வி: நார்வேயின் மலைப்பகுதிகளில் குளிர்காலம் நெருங்கும்போதுதான் விறகு பிளப்பார்களா?

பதில்: இல்லை; அப்போது பிளப்பவர் காலம் தாழ்த்திவிட்டார் என்றே சொல்ல வேண்டும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர்தான் என்பதாலும், அந்த ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் விறகு நன்றாக எரியும் என்பதாலும், முந்தைய குளிர்காலத்தின் இறுதியில், இலை துளிர்க்குமுன்பே மரத்தை வீழ்த்திப் பிளந்து, கோடை முழுவதும் காற்றிலும் வெயிலிலும் காயவிடுவதே அங்குள்ள வழக்கம். உறைந்த கட்டை கோடரிக்கு எளிதில் பிளந்து கொடுக்கும் என்பது கூடுதல் வசதி. அங்கு பெரிதும் விரும்பப்படும் பிர்ச் மரத்தின் பட்டை நீரை வெளியே விடாது. ஆதலால் பிளக்காமல் உருளையாகவே போட்டுவைத்தால் உள்ளுக்குள் மக்கத் தொடங்கிவிடும்.

அடுக்கிய விறகின் மேற்புறத்தை மட்டும் மூடினால் போதும். பலர் செய்வதுபோல் முழுவதையும் தார்ப்பாயால் போர்த்துவது, என் கருத்தில், ஈரத்தைப் பூட்டி வைப்பதற்குச் சமம். ஈர விறகை எரித்தால், நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் வீணாவதோடு, புகைபோக்கியின் உட்புறத்தில் தார் போன்ற கரி படிந்து, பின்னர் அதுவே தீப்பற்றவும் கூடும். இரு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: காய்ந்தவை கணீரென்று ஒலிக்கும், ஈரமானவை மந்தமாக ஒலிக்கும்.