ஈரக் குப்பையிலிருந்து வண்டி எரிவாயு: கணக்கு எங்கே உதைக்கிறது?

கேள்வி (சேலம் வாசகர்): ஒரு டன் ஈரக் குப்பைக்கு எத்தனை கிலோ எரிவாயு கிடைக்கும் சார்?

நன்றாகப் பிரித்த சமையலறை, காய்கறிக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மக்கக்கூடிய திடப்பொருள் 200 கிலோ சொச்சம். அதிலிருந்து 80 முதல் 100 கன மீட்டர் பயோகேஸ் வரும், அதில் மீத்தேன் ஏறக்குறைய 60 சதவீதம். கரியமில வாயுவை நீக்கி, அழுத்தி அடைத்தால் 30 முதல் 40 கிலோ. 2022 பிப்ரவரியில் இந்தூர் ஆலையைத் திறந்தபோது அறிவித்ததும் இதையொட்டித்தான்: நாளுக்கு 550 டன் குப்பை, 17,000 கிலோ எரிவாயு, 100 டன் உரம். டன்னுக்கு 31 கிலோ ஆகிறது. திட்ட அறிக்கையில் 60 கிலோ என்று யாராவது எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி (மதுரை): இந்தூர் அளவில் கட்டினால் லாபம் நிற்குமா?

போட்டுப் பார்ப்போம். முதலீடு 150 கோடி. இந்த எரிவாயுவுக்கு எண்ணெய் நிறுவனங்களின் கொள்முதல் விலை 2018இல் கிலோ 46 ரூபாய், 2022இல் 54. அந்த 54ஐயே வைத்துக்கொள்வோம். 350 நாள் முழுச் சுமையில் ஓடினால் 59.5 லட்சம் கிலோ, அதாவது 32 கோடி. வட்டி 10 சதவீதம் என்றால் 15 கோடி, முதலை 15 ஆண்டில் எடுக்க 10 கோடி. கையில் மிஞ்சுவது 7 கோடி. மின்சாரம், கூலி, பழுது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். டன்னுக்கு 370 ரூபாய்கூடக் கிடையாது, போதவே போதாது. ஆகவே உரம் விற்றாக வேண்டும், மானியமும் வேண்டும். குப்பை வரத்து 70 சதவீதமாகச் சரிந்தால் எரிவாயு வருமானம் 22 கோடிதான். வட்டிக்கும் முதலுக்குமே பற்றாது. இத்தனைக்கும் இந்தூரில் குப்பையை வாங்கிக்கொள்வதற்காக டன்னுக்கு இவ்வளவு என்று மாநகராட்சி கட்டணம் எதுவும் தருவதில்லை. ஆலையை நடத்தும் நிறுவனம்தான் மாநகராட்சிக்கு ஆண்டுக்கு 2.5 கோடி கட்டுகிறது. வீட்டு வாசலிலேயே தரம் பிரித்து வரும் குப்பை என்பதால்தான் அப்படி ஒரு ஒப்பந்தம் போட முடிந்தது.

கேள்வி: கலந்த குப்பையை ஆலையிலேயே பிரித்துக்கொள்ளக் கூடாதா?

பிரிக்கலாம், செலவு அங்கேதான் ஏறும். மண்ணும் மணலும் டைஜஸ்டரின் (குப்பை மக்கி வாயு உண்டாகும் மூடிய தொட்டி) அடியில் படிந்து கொள்ளளவைத் தின்னும். பிளாஸ்டிக் மேலே ஏடுபோல மிதந்து கலக்கியைச் சுற்றிக்கொள்ளும். திறந்து சுத்தம் செய்ய ஆலையை வாரக்கணக்கில் நிறுத்த வேண்டியிருக்கும். குப்பையை வாயுவாக்கும் கிருமிகளை மறுபடி பழக்கி முழு உற்பத்திக்கு வர ஓரிரு மாதம். கண்ணாடித் தூள் கலந்த உரத்தை எந்த விவசாயியும் தொட மாட்டார், அந்த வருமானமும் போச்சு.

கேள்வி (திருப்பூர்): எங்கள் டைஜஸ்டரில் திடீரென்று வாயு குறைந்து புளிப்பு வாடை அடிக்கிறது.

அமிலம் ஏறிவிட்டது. கல்யாண சீசனில் எண்ணெயும் சோறும் ஒரே நாளில் கொட்டினால் இப்படித்தான் ஆகும். தீவனத்தை, அதாவது உள்ளே போடும் குப்பையை, உடனே நிறுத்துங்கள். பிஎச் (அமில கார அளவு; அமிலம் ஏறினால் குறையும்) 6.8க்குக் கீழே போயிருந்தால் சமையல் சோடாவைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேருங்கள். புதிய சாணக்கரைசலும் உதவும். 7க்கு மேல் நிலைத்த பிறகு கால் பங்குத் தீவனத்தில் தொடங்குங்கள். பிஎச் கடைசியில்தான் இறங்கும். அமிலத்துக்கும் காரத்தன்மைக்குமான விகிதத்தை வாரம் இருமுறை பார்த்து வந்தால், 0.4ஐத் தாண்டும்போதே பிடித்துவிடலாம்.

கேள்வி: என் ஓட்டலில் தினம் ஒரு டன் சேர்கிறது. சிலிண்டரில் அடைத்து விற்கலாமா?

வேண்டாம். 250 பார் அழுத்தும் கம்ப்ரசரும் சுத்திகரிப்பும் இந்த அளவில் தாங்காது. கந்தக வாயுவை மட்டும் இரும்புத்தூள் வடிகட்டியில் எடுத்துவிட்டு நேராக அடுப்புக்குக் கொடுங்கள். ஒரு கன மீட்டர் பயோகேஸ் சுமார் 0.45 கிலோ எல்பிஜிக்குச் சமம். நாளுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர் இரண்டு மிச்சம். பர்னர் துளையை மட்டும் பெரிதாக்க வேண்டும்.

கேள்வி: மக்காத குப்பை?

எரிபொருளாகச் சிமென்ட் ஆலைக்கு. கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தருவதைப் புதைக்கக் கூடாது என்றது 2016 விதி. குளோரின் உள்ள பிவிசி பிளாஸ்டிக் கலக்க விடாதீர்கள். குளோரின் ஏறினால் சுமையைத் திருப்பி அனுப்புவார்கள், போக வர லாரி வாடகை உங்கள் தலையில்.

கேள்வி (கோவை): டைஜஸ்டரிலிருந்து வெளியேறும் கரைசலை என்ன செய்வது?

இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். தண்ணீர் சேர்த்து அரைத்தால் ஒரு டன் குப்பைக்கு ஒரு டன்னுக்கும் மேல் கரைசல் வரும். பிழிந்து திடத்தை உரமாக்கலாம். நீரைத் திரும்ப உள்ளே விட்டால் தண்ணீர்ச் செலவு குறையும், ஆனால் உப்பும் அம்மோனியாவும் சேர்ந்து கிருமிகளை முடக்கும். அதனால் ஒரு பங்கை வெளியே எடுத்தே ஆக வேண்டும். லாரி எட்டும் தூரத்தில் அதை வாங்கும் வயல்களோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்ட பிறகு டைஜஸ்டருக்கு அஸ்திவாரம் தோண்டுங்கள்.