180 கட்டுரைகளைச் சேர்த்தாயிற்று, இனி?

கேள்வி: மகளிர் சுய உதவிக் குழுக்களின் கடன் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 180 கட்டுரைகளை இறக்கி வைத்தும், முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் முன்னாய்வு இயலைத் தொடங்கத் தெரியவில்லை. ஒரு தட்டச்சு நிலையத்தார் அதை எழுதி, ஒப்புமையையும் (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவையும்) 10 விழுக்காட்டுக்குள் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கூடாது. இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவிலுள்ள பழைய ஆய்வேடு ஒன்றின் இரண்டாம் இயலை எடுத்து, சொல்லுக்குச் சொல் மாற்றிப்போட்டு, படிக்காத நூல்களுக்கெல்லாம் மேற்கோள் காட்டி அவர்கள் தரும் பக்கங்களை மதிப்பீட்டுக்கு வரும் ஏடுகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் அவற்றுக்கு விடை சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், எழுதித் தந்த தரகர் அல்லர்.

முதலில் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: பெண் பெயரில் வாங்கிய கடனை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்பவர் யார்? இதற்கு விடை தராத கட்டுரைகளைத் தயங்காமல் ஒதுக்குங்கள். வங்கதேசத்தை ஆராய்ந்து 1996இல் கோட்ஸும் சென் குப்தாவும் எழுதிய கட்டுரை, அத்தகைய கடனில் கணிசமான பகுதி ஆண்களின் கட்டுப்பாட்டில் இருந்ததாகக் கூறியது. 2001இல் நைலா கபீர், கடன் வாங்கிய பெண்களின் சொற்களையே கொண்டு அந்த முடிவை மறுபரிசீலனை செய்தார். இரு தரப்பினரும் எதை அதிகாரம் என்று கொண்டார்கள், யாரிடம் கேட்டார்கள் என்பதை எதிரெதிரே வைத்துப் பார்க்கும் இடத்தில்தான் உங்கள் இயல் தொடங்குகிறது. ஆகவே கட்டுரைக்கு ஒரு பத்தி என்று சுருக்கி அடுக்காமல், இடம், ஆண்டு, தகவல் தந்தவர், முறை, முடிவு என்று கட்டமிட்ட அட்டவணையில் ஒவ்வொன்றையும் படித்த அன்றே பதியுங்கள். மேற்கோள் விவரங்களுக்கு இலவச மென்பொருளான ஸோட்டெரோ போதும்.

ஒப்புமை குறித்த அச்சத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் திருத்தித் தர ஆறு மாதத்துக்கு மிகாத அவகாசம் உண்டு. மேற்கோள் பட்டியல் கணக்கில் வராது. பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துவரும் சொற்றொடர்களும், தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை, கணக்கில் வராது. இந்த விலக்கைத்தான் தரகர்கள் திரித்துச் சொல்கிறார்கள்: 14 சொற்களுக்கு ஒருமுறை ஒரு சொல்லை மாற்றினால் போதுமாம். பிறர் கருத்தைப் பெயர் சொல்லாமல் எடுப்பது எத்தனை சொல்லாயினும் திருட்டே. எண்ணை மட்டும் பார்த்து, எழுதியதைப் படிக்காமலே சான்றளிக்கும் நம் நடைமுறைதான் இவர்களை வளர்த்துவிட்டது.

முன்பணம் கொடுத்திருந்தால் அது போகட்டும். உங்கள் தரவுகளை மட்டும் அவர்களிடம் தராதீர்கள்.